பெயர் தெரிந்த நூறு பேர்: சொந்தமாகப் புத்தகம் போடுவதன் கணக்கு

"சொந்தமா ஒரு புத்தகம் போட எவ்வளவு ஆகும்?" எழுதுகிற நண்பர்கள் என்னிடம் அதிகம் கேட்கும் கேள்வி இதுதான். நான் பதிலுக்கு ஒரு கேள்வி கேட்பேன்: "யார் யார் வாங்குவாங்க? பெயர் சொல்லுங்க." பெரும்பாலும் இருபது, இருபத்தைந்து பெயர்களோடு பேச்சு நின்றுவிடும். சிலர் முகநூலில் தங்களுக்கு இத்தனை ஆயிரம் நண்பர்கள் என்று சொல்வார்கள். அது பெயர்ப் பட்டியல் ஆகாது. உங்கள் கதையைப் படித்துவிட்டு உங்களுக்கு இரண்டு வரி எழுதியவர், அடுத்தது எப்போது என்று கேட்டவர், உங்கள் ஊர்க்காரர், உடன் படித்தவர் என்று விரல் விட்டு எண்ணக்கூடிய மனிதர்களையே கேட்கிறேன்.

இன்றைக்கு அச்சிடுவதுதான் இந்த வேலையில் மிக எளிய பகுதி. கோப்பை அனுப்பினால் ஒரு வாரத்தில் புத்தகம் வந்துவிடும். ஆனால் பிரதி வீட்டுக்கு வந்து இறங்கிய நாளில் எழுத்தாளர் பதிப்பாளராகவும் மாறிவிடுகிறார். எத்தனை பிரதி, என்ன தாள், என்ன விலை, எந்தத் தபால், எந்தக் கடை என்று அவர் எடுக்கும் ஒவ்வொரு முடிவும் அந்தப் பெயர்ப் பட்டியலில் போய்த்தான் முட்டும். சொந்தமாக ஒரு சிறுகதைத் தொகுப்பும் ஒரு நாவலும் போட்ட பிறகு எனக்கு உறுதியான எண்ணம் இது. அதனால் கணக்கை அங்கிருந்தே தொடங்குகிறேன்.

பட்டியலிலிருந்து தொடங்குவது நமக்குப் புதிதல்ல. இந்தியர்கள் தடையின்றி அச்சகம் நடத்த 1835இல் வழி பிறந்தது. 1849இல் ஆறுமுக நாவலர் யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையில் சொந்த அச்சுக்கூடமே வைத்துவிட்டார். அச்சுக்கூடம் வைக்க முடியாதவர்கள் கையொப்பம் வாங்கினார்கள். உ.வே.சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது அவருக்குப் பின்னால் எந்த நிறுவனமும் இல்லை. அவர் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியர். புத்தகம் வந்தால் வாங்கிக்கொள்கிறோம் என்று பலரிடம் கையொப்பம் வாங்கி, அந்த நம்பிக்கையில் அச்சு வேலையைத் தொடங்கினார். இன்று நாம் முன்வெளியீட்டுத் திட்டம் என்று சொல்வது அதே ஏற்பாடுதான். அவர் ஊர் ஊராக அலைந்து வாங்கிய கையொப்பத்தை நாம் வாட்ஸ்அப்பில் வாங்குகிறோம்.

இடையில் இந்தப் பழக்கம் மங்கியதற்கு ஆஃப்செட் இயந்திரமும் ஒரு காரணம். ஆஃப்செட்டில் ஒவ்வொரு ஃபாரத்துக்கும் பிளேட், அதாவது அச்சுத் தகடு, போட வேண்டும். ஃபாரம் என்றால் பதினாறு பக்கம்: ஒரு பெரிய தாளின் முன்புறம் எட்டு, பின்புறம் எட்டு. 208 பக்க நாவலுக்குப் பதின்மூன்று ஃபாரம். பிளேட் செலவும் இயந்திரத்தை ஓட்டத் தயார் செய்யும் செலவும் பத்துப் பிரதிக்கும் ஒன்றுதான், ஆயிரம் பிரதிக்கும் ஒன்றுதான். அதனால் பிரதி கூடக் கூட ஒரு புத்தகத்தின் அடக்கவிலை இறங்கும். தமிழ்ப் பதிப்புலகில் 1000, 1200 பிரதி என்ற எண் நெடுங்காலம் வழக்கத்தில் இருந்ததற்கு இந்தக் கணக்கும், அரசு நூலகங்களுக்கு வாங்கும் நூலக ஆணை வந்தால் ஒரு பெரும்பகுதி போய்விடும் என்ற எதிர்பார்ப்பும் காரணம். தனி எழுத்தாளருக்கு இரண்டில் ஒன்றுகூடச் சாதகமில்லை. "ஐந்நூறுக்குப் பதிலா ஆயிரம் அடிச்சா ஒரு பிரதிக்கு இவ்வளவு மிச்சம்" என்று அச்சகத்தில் சொல்லும்போது அது உண்மைதான். ஆனால் அந்த மிச்சம் விற்ற பிரதியில்தான் மிச்சம். விற்காமல் கட்டிலுக்கு அடியில் இருக்கும் பிரதியின் முழு விலையும் நட்டம். என் முதல் தொகுப்பை 500 அடித்தேன். பாதிக்கு மேல் போக நான்கு ஆண்டுகள் ஆயின. கடைசிக் கட்டுகளில் தாள் பழுப்பேறி, முதுகுப் பசை காய்ந்துவிட்டிருந்தது.

டிஜிட்டல் அச்சு இந்தக் கட்டாயத்தை உடைத்தது. பிளேட் கிடையாது; கோப்பிலிருந்து நேராகத் தாளுக்குப் போகிறது. பத்துப் பிரதிக்கும் நூறு பிரதிக்கும் ஒரு புத்தகத்தின் விலை பெரிதாக மாறாது. இதைத்தான் பதிப்பாளர்கள் பிஓடி என்கிறார்கள், தேவைக்கேற்ப அச்சிடுதல். ஒரு பிரதியின் அடக்கவிலை ஆஃப்செட்டைவிடக் கூடுதல்தான். இரண்டும் சமமாகும் எல்லை அச்சகத்துக்கு அச்சகம் மாறும். பெரும்பாலும் 300 முதல் 500 பிரதிக்குள் வரும். பெயர் தெரிந்தவர்கள் அதற்குக் கீழே இருந்தால் யோசிக்கவே வேண்டாம், டிஜிட்டல்தான். பெங்களூரின் போத்தி 2008லும், சென்னையின் நோஷன் பிரஸ் 2012லும் தொடங்கியபின் தனி எழுத்தாளர்களுக்கு இது ஒரு சேவையாகவே கிடைக்கிறது. திருவல்லிக்கேணி, ராயப்பேட்டைப் பக்கத்து அச்சகங்களில் நேரடியாகக் கொடுத்தும் அடிக்கலாம். கிண்டிலில் தமிழ் மின்னூலுக்கு 2016இல் கதவு திறந்தது. கையில் பிடிக்கும் தமிழ்ப் புத்தகத்துக்கு மட்டும் இங்குள்ள அச்சகத்தையும் இங்குள்ள தபாலையும்தான் நம்ப வேண்டியிருக்கிறது.

சரி, புத்தகத்தின் உடம்புக்கு வருவோம். தமிழில் நாவலுக்கும் சிறுகதைக்கும் அதிகம் புழங்குவது டெமி 1/8, அதாவது ஏறத்தாழ ஐந்தரைக்கு எட்டரை அங்குலம். கவிதைக்கும் சிறு நூல்களுக்கும் கிரவுன் 1/8. பக்க எண்ணிக்கையைப் பதினாறின் மடங்கில் முடிக்கப் பாருங்கள். ஆஃப்செட்டில் 208 பக்கம் சுத்தமாகப் பதின்மூன்று ஃபாரம். 211 பக்கம் என்றால் மூன்று பக்கத்துக்காக இன்னொரு துண்டு ஃபாரம் ஏறும். எழுத்தின் அளவை அரைப் புள்ளி மாற்றினாலே பல நேரம் அந்த மூன்று பக்கம் உள்ளே அடங்கிவிடும். டிஜிட்டலில் இந்தக் கட்டுப்பாடு தளர்வு. ஆனாலும் நாளைக்கு ஆஃப்செட்டுக்குப் போகும் வாய்ப்பு இருந்தால் இப்போதே அப்படி முடித்துவைப்பது நல்லது.

தாளில் இரண்டு தேர்வுகள் முக்கியம்: நிறமும் கனமும். மேப்லித்தோ என்ற அச்சுத்தாளின் பளீர் வெள்ளையில் நாவல் படித்தால் கண் சோர்ந்துவிடும். இளமஞ்சள் சாயல் கொண்ட நேச்சுரல் ஷேடு வாங்கச் சொல்லுங்கள். கனத்தில் 70 ஜிஎஸ்எம்மா, 80 ஜிஎஸ்எம்மா என்று கேட்பார்கள்; ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம் என்பதுதான் ஜிஎஸ்எம். 80 கொஞ்சம் தடிமனாக, பின்பக்க எழுத்து தெரியாமல் இருக்கும். ஆனால் பெயர்ப் பட்டியலை இங்கேயும் பார்க்க வேண்டும். உங்கள் வாசகர்களில் பெரும்பாலோர் வெளியூரில் இருந்தால் புத்தகம் தபாலில்தான் போகும். டெமி அளவில் 208 பக்கம் என்றால் 104 தாள். 70 ஜிஎஸ்எம்மில் உள்தாள் மட்டும் சுமார் 220 கிராம். அட்டையைச் சேர்த்தால் 240 கிராமை ஒட்டி வரும். உறையும் முகவரிச் சீட்டும் போட்டாலும் 300 கிராமுக்குள் நிற்கும். 80 ஜிஎஸ்எம் என்றால் உள்தாளே 250 கிராம். அட்டை, உறை எல்லாம் சேரும்போது 300ஐத் தொட்டுவிடும்.

300 கிராமைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. சிறு பதிப்பாளர்கள் பல காலம் நம்பியிருந்த பதிவு நூல் அஞ்சலை, அதாவது ரிஜிஸ்டர்டு புக் போஸ்டை, அஞ்சல் துறை 2024 டிசம்பரில் திடீரென நிறுத்திவிட்டது. நூறு ரூபாய்ப் புத்தகத்துக்கு அறுபது, எழுபது ரூபாய் தபால் செலவு என்றால் யார் வாங்குவார்கள்? அடுத்த ஆண்டு மே 1ஆம் தேதி ஞான் போஸ்ட் என்ற புதிய சேவை வந்தது. 300 கிராம் வரை 20 ரூபாய், அங்கிருந்து படிப்படியாக ஏறி 5 கிலோவுக்கு 100 ரூபாய். உள்ளே வணிக விளம்பரம் இருக்கக் கூடாது. அச்சிட்டவர் அல்லது பதிப்பித்தவர் பெயர் நூலில் இருக்க வேண்டும். சமையலறைத் தராசில் உறையோடு வைத்து எடை பார்த்த பிறகு தாளை முடிவு செய்யுங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

தாளைப் பற்றி இன்னொன்று. தாளுக்கு இழை ஓடும் திசை உண்டு. அது புத்தகத்தின் முதுகுக்கு இணையாக, மேலிருந்து கீழாக ஓட வேண்டும். குறுக்கே ஓடினால் பக்கம் விறைத்துக்கொண்டு திறக்க மறுக்கும். பசையின் பிடியும் தளரும். ஒரு தாளை நீளவாட்டில் ஒருமுறையும் அகலவாட்டில் ஒருமுறையும் மெல்ல வளைத்துப் பாருங்கள். எளிதாக வளையும்போது விழும் மடிப்புக்கு இணையாகத்தான் இழை ஓடுகிறது. அச்சகத்தில் இதைக் கேட்டால் உங்களை மரியாதையோடு பார்ப்பார்கள்.

இனி உள்ளடக்கம். எல்லாரும் அவசரப்படுவது இங்கேதான், எனக்கு அதிகம் வலிப்பதும் இங்கேதான்.

செம்மையாக்கம் செய்பவரும் மெய்ப்புப் பார்ப்பவரும் ஒருவரல்ல. முதலாமவர் கதையில் எங்கே தொய்வு, எந்த அத்தியாயம் வேண்டாம், ஆறாம் அத்தியாயத்தில் இறந்தவர் ஒன்பதாம் அத்தியாயத்தில் காபி குடிக்கிறாரா என்று பார்ப்பவர். இரண்டாமவர் ஒற்று, சந்தி, எழுத்துப்பிழை பார்ப்பவர். ஒரு பதிப்பகம் இருந்தால் இந்த இரண்டு பேரையும் அது தேடும். நீங்களே பதிப்பாளர் என்றால் நீங்கள்தான் தேட வேண்டும், நீங்கள்தான் பணமும் கொடுக்க வேண்டும். அட்டைக்குச் செலவு செய்யத் தயங்காதவர்கள்கூட இங்கே தயங்குகிறார்கள். நான் கெஞ்சிக் கேட்கிறேன்: பணம் குறைவு என்றால் அட்டையை எளிமையாக வையுங்கள், இந்த இரண்டு பேரை விட்டுவிடாதீர்கள்.

அப்புறம் பக்க வடிவமைப்பு. தமிழுக்கென்றே சில சிக்கல்கள் உண்டு. யூனிகோடு என்பது எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடு. பல டிடிபி மையங்களில் இன்னும் பழைய, யூனிகோடு அல்லாத எழுத்துருக்களில்தான் வேலை நடக்கிறது. உங்கள் யூனிகோடு கோப்பை அவர்கள் மாற்றியில் போட்டு எடுப்பார்கள். அந்த மாற்றத்தில் சில எழுத்துகள் சிதையும். ஸ்ரீ, க்ஷ இரண்டும் அடிக்கடி அடிபடுபவை. தமிழ்நாடு அரசு 2010லேயே யூனிகோடை ஏற்றுக்கொண்டது. உங்கள் வடிவமைப்பாளரையும் யூனிகோடிலேயே செய்யச் சொல்லுங்கள். இன்டிசைன் என்ற வடிவமைப்பு மென்பொருளில் செய்பவர் என்றால் அதில் இந்திய மொழிகளுக்கான வேர்ல்டு ரெடி கம்போசர் என்ற அமைப்பை முடுக்கியிருக்க வேண்டும். இல்லையென்றால் கொம்பும் காலும் தாறுமாறாக விழும். நோட்டோ செரிஃப் தமிழ், மீரா இனிமை போன்று திறந்த உரிமத்தில் இலவசமாகக் கிடைக்கும் எழுத்துருக்கள் இருக்கின்றன. உரிமம் இல்லாத எழுத்துருவைத் திருட்டுத்தனமாகப் பயன்படுத்த வேண்டிய தேவையே இல்லை.

கண்ணுக்குத் தெரியாத பிழைகளும் உண்டு. 'ர' என்ற எழுத்தை அடிக்க வேண்டிய இடத்தில் கால் அடித்திருப்பார்கள். 'ஔ' வர வேண்டிய இடத்தில் 'ஒ'வும் 'ள'வும் தனித்தனியே நிற்கும். அச்சில் பெரிதாக வேறுபாடு தெரியாது. அதே கோப்பை நாளைக்கு மின்னூலாக்கும்போது தேடல் வேலை செய்யாது.

தமிழ்ச் சொற்கள் நீளமானவை. 'பேசிக்கொண்டிருந்தவர்களிடமிருந்து' என்று ஒரு சொல் வரி முடிவில் வந்தால், கணினி அதை அப்படியே அடுத்த வரிக்குத் தள்ளிவிட்டு, மேல் வரியின் சொற்களுக்கு நடுவே பெரிய பெரிய இடைவெளி விடும். பக்கம் முழுக்க வெள்ளை ஓட்டைகள். சொல்லை உடைக்கச் சொன்னால் வேறு தொல்லை: புள்ளி வைத்த எழுத்து வரியின் தொடக்கத்தில் வந்து நிற்கும். ஈய எழுத்துக் கோத்த காலத்துக் கம்பாசிட்டர்கள் புள்ளி எழுத்தை வரியின் முதலில் விடாமல் பார்த்துக்கொள்வார்கள். இன்று அதைக் கையால்தான் சரி செய்ய வேண்டும், பக்கம் பக்கமாக. இதைச் செய்கிற வடிவமைப்பாளர் கொஞ்சம் கூடுதலாகக் கேட்டால் கொடுத்துவிடுங்கள்.

உள் ஓரத்தையும் கவனியுங்கள். பசையில் ஒட்டிய பேப்பர்பேக் முழுதாக விரியாது. உள்பக்க ஓரம் வெளிப்பக்கத்தைவிட அகலமாக, 18 முதல் 20 மில்லிமீட்டர் வரை இல்லையென்றால் வரியின் கடைசி எழுத்துகளை வாசகர் முதுகுக்குள் எட்டிப் பார்த்துப் படிக்க வேண்டும்.

டிஜிட்டல் அச்சின் பெரிய வரம் என்னைக் கேட்டால் குறைந்த பிரதி அல்ல. ஒரே ஒரு பிரதி. மொத்தமும் அச்சுக்குப் போகும் முன் ஒரே ஒரு மாதிரிப் பிரதி அடித்து வாங்க முடிகிறது. திரையில் பத்து முறை பார்த்தும் கண்ணில் படாத பிழை, கையில் புத்தகமாக வந்தவுடன் முதல் பத்து நிமிடத்தில் எழுந்து நிற்கும். என் நாவலின் மாதிரிப் பிரதியில் அறுபதுக்கும் மேல் பிழைகள் கண்டோம், மூன்று மெய்ப்புகள் முடிந்த பிறகு. அந்தப் பிரதியை உங்களோடு பேசிப் பழகாத ஒருவரிடம் பென்சிலோடு கொடுங்கள். இரண்டு வாரம் போகட்டும். வெளியீட்டு விழாவுக்கு மண்டபம் பிடித்தாகிவிட்டது என்பதற்காக இந்த இரண்டு வாரத்தை விழுங்கிவிடாதீர்கள். விழா ஒரு மாலை. பிழை புத்தகம் இருக்கும்வரை.

அட்டையைப் பற்றி நான் அதிகம் சொல்லப் போவதில்லை, ஒரு கணக்கைத் தவிர. முதுகின் அகலம் தெரியாமல் அட்டையை முடிக்க முடியாது. 104 தாள், ஒரு தாள் 0.1 மில்லிமீட்டர் கனம் என்றால் முதுகு 10.4 மில்லிமீட்டர். தாளை மாற்றினால் இது மாறும். மாறினால் முதுகில் இருக்க வேண்டிய தலைப்பு முன்னட்டைக்கு வழியும். தாள் முடிவான பிறகே அட்டை.

காகித வேலைகளைப் பார்த்துப் பலர் பயப்படுகிறார்கள், பயப்பட ஒன்றுமில்லை. ஐஎஸ்பிஎன், அதாவது புத்தகத்துக்கான உலகப் பொது அடையாள எண், இந்தியாவில் இலவசம். தில்லியில் ராஜா ராம்மோகன் ராய் பெயரில் இயங்கும் தேசிய முகமை, கல்வி அமைச்சகத்தின் கீழ் இதை வழங்குகிறது. இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம், எழுத்தாளர் தன் பெயரிலேயே வாங்கலாம். பதின்மூன்று இலக்கம், இந்திய நூல் என்றால் 978க்குப் பின் 81 அல்லது 93 வரும். பேப்பர்பேக்குக்கு ஒன்று, மின்னூலுக்கு வேறொன்று. இலவச எண்ணுக்குக் கட்டணம் என்று யாராவது கேட்டால் விண்ணப்பித்துத் தரும் வேலைக்கான கூலி என்றே அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

பதிப்புரிமைக்குப் பதிவு கட்டாயமில்லை. 1957ஆம் ஆண்டுச் சட்டப்படி எழுதிய கணமே உரிமை உங்களுடையது. உங்கள் காலத்துக்குப் பின் அறுபது ஆண்டுகள் வாரிசுகளுடையது. அதே சட்டம் மற்றவர்களையும் காக்கிறது. அத்தியாயத் தொடக்கத்தில் சினிமாப் பாட்டு வரி போட ஆசைப்பட்டால் அனுமதி வாங்குங்கள், இல்லை எடுத்துவிடுங்கள்.

நூல் விவரப் பக்கத்தில் அச்சகத்தின் பெயரும் பதிப்பாளர் பெயரும் போடும் பழக்கம் 1867ஆம் ஆண்டின் அச்சு, நூல் பதிவுச் சட்டத்திலிருந்து வந்தது. 2024 மார்ச் 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம் பருவ இதழ்களை மட்டும் எடுத்துக்கொண்டு நூல்களை விட்டுவிட்டது. இருந்தாலும் அந்த வரிகளைப் போடுங்கள். தபாலுக்கும் தேவை, நாளைக்கு ஓர் ஆய்வாளர் தேடும்போதும் தேவை.

பலருக்குத் தெரியாத ஒரு கடமை இருக்கிறது. 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி, வெளியான முப்பது நாளுக்குள் பதிப்பாளர் தன் செலவில் நான்கு நூலகங்களுக்கு ஒவ்வொரு பிரதி அனுப்ப வேண்டும்: கொல்கத்தா தேசிய நூலகம், சென்னை கன்னிமாரா, மும்பை, தில்லி. பதிப்பாளர் நீங்கள் என்றால் கடமை உங்களுடையது. அச்சகக் கட்டைப் பிரித்தவுடன் நல்ல பிரதிகளாக நான்கை எடுத்துத் தனியே வைத்துவிடுங்கள். எழும்பூரில் 1896 முதல் திறந்திருக்கும் கன்னிமாரா நூலகத்தில் நம் புத்தகத்துக்கும் ஓர் இடம் என்பது, எத்தனை பிரதி விற்றது என்பதைவிட எனக்குப் பெரிதாகப் படுகிறது.

எல்லாவற்றையும் நாங்களே செய்து தருகிறோம் என்று ஒட்டுமொத்தக் கட்டணம் வாங்கும் நிறுவனங்களைப் பற்றி ஒரு வார்த்தை. வேலைக்குப் போய்க்கொண்டே எழுதுபவர்களுக்கு அவர்கள் உதவிதான். ஆனால் ஒப்பந்தத்தை மூன்று இடத்தில் நிறுத்திப் படியுங்கள். நூறு சதவீத ராயல்டி என்றால் எதில் நூறு சதவீதம்? பெரும்பாலும் அச்சுச் செலவு, விற்பனைக் கழிவு எல்லாம் போக மிஞ்சியதில். ஐஎஸ்பிஎன் யார் பெயரில் பதிவாகும்? வடிவமைத்த மூலக்கோப்பு யாருக்குச் சொந்தம்? என் முதல் தொகுப்பை வடிவமைத்த இடத்தில் பிடிஎஃப் மட்டும் கொடுத்தார்கள். மூலக்கோப்பு கேட்டபோது, அது தங்களுடையது என்று சொல்லிவிட்டார்கள். இரண்டாம் முறை அச்சிட நினைத்தபோது பிழைகளைத் திருத்த வழியில்லாமல் மொத்தத்தையும் மறுபடி அடுக்க வேண்டியதாயிற்று. பணம் கொடுக்கும் முன்பே எழுத்தில் வாங்கியிருக்க வேண்டிய உறுதி அது.

இப்போது பணக் கணக்கு. எண்கள் உதாரணத்துக்குத்தான், உங்கள் எண்களைப் போட்டுப் பாருங்கள். 208 பக்க நாவல், நூறு பிரதி அடிக்க ஒரு பிரதிக்கு 110 ரூபாய் ஆகிறது, விலை 260 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நீங்களே நேரடியாகப் பத்து சதவீதக் கழிவில் விற்றால் கையில் வருவது 234. அச்சுச் செலவு போக 124. கடைக்கு 35 சதவீதம் கழிவு கொடுத்தால் வருவது 169, மிச்சம் 59. பாதி விலைக்குக் கேட்கும் விநியோகஸ்தரிடம் கொடுத்தால் 130, மிச்சம் 20. அந்த இருபதும் பார்சல் செலவில் கரைந்துவிடும். செம்மையாக்கம், மெய்ப்பு, வடிவமைப்பு, அட்டை எல்லாம் சேர்த்து 25,000 செலவிட்டிருந்தால், நேரடி விற்பனையில் 202 பிரதி போனால் போட்டது வரும். கடைகள் வழியாக மட்டும் என்றால் 424 பிரதி வேண்டும். நூறு பிரதி முழுக்க நேரில் விற்றாலும் 12,400தான்.

மனம் தளரச் சொல்லவில்லை. பெயர் தெரிந்தவருக்கு நேரடியாக விற்பது ஏன் அவ்வளவு முக்கியம் என்பது இந்த எண்களில் இருக்கிறது. அச்சிட்ட புத்தகத்துக்கு ஜிஎஸ்டி இல்லை, நல்லது. ஆனால் தாளிலும் அச்சுக் கூலியிலும் நீங்கள் கட்டிய வரியைத் திரும்பப் பெறவும் வழியில்லை. அது அடக்கவிலையோடு ஒட்டிக்கொள்ளும். கூடவே, கடைகளில் பெரும்பாலும் விற்ற பிறகுதான் பணம். கொடுத்த பிரதி எத்தனை, எந்தத் தேதியில் என்று ரசீதோடு குறித்து வைக்காவிட்டால் ஆறு மாதம் கழித்து இரு பக்கமும் மறந்திருக்கும்.

அதனால்தான் முன்வெளியீட்டுத் திட்டத்தை நான் வற்புறுத்துகிறேன். மாதிரிப் பிரதி கைக்கு வந்து பிழைகள் திருத்தி முடிந்த அன்று அறிவியுங்கள், அதற்கு முன் வேண்டாம். மூன்று வாரம் அவகாசம், ஒரு சலுகை விலை, அனுப்பும் தேதி. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதுங்கள். பொதுவில் போட்ட அறிவிப்பைப் பார்த்து விரும்பியவர்களில் வாங்குபவர்கள் சிலரே. "நீங்க போன வருஷம் அந்தக் கதையைப் பத்தி எழுதியிருந்தீங்களே, அது இந்தத் தொகுப்பில் இருக்கு" என்று எழுதினால் அநேகமாக எல்லாரும் வாங்குகிறார்கள். பணம் வந்த எண்ணிக்கையோடு நான்கு நூலகப் பிரதி, மதிப்புரைக்குப் பத்து, கையிருப்புக்கு இருபது சேர்த்து அச்சுக்குச் சொல்லுங்கள்.

புத்தகக் காட்சிகளைப் பற்றியும் கேட்பார்கள். 1977இல் அண்ணா சாலை மதரஸா பள்ளியில் தொடங்கிய சென்னைப் புத்தகக் காட்சி இன்று தமிழ் வாசகரின் ஜனவரித் திருவிழா. 2005 முதல் ஈரோட்டில் ஆகஸ்டில் நடக்கிறது. இப்போது மாவட்டந்தோறும் நடக்கின்றன. ஒன்றிரண்டு தலைப்பு மட்டும் வைத்திருக்கும் ஒருவர் தனியாக ஸ்டால் எடுப்பது கட்டுப்படியாகாது. தெரிந்த பதிப்பக ஸ்டாலில் பத்துப் பிரதி வைக்கச் சொல்லி, மாலையில் நீங்களும் போய் நில்லுங்கள். பக்கத்தில் எழுத்தாளர் நின்றால் புத்தகம் நகரும், நிற்காவிட்டால் நகராது. நூலகக் கொள்முதலுக்கும் விண்ணப்பியுங்கள். 1948ஆம் ஆண்டுப் பொது நூலகச் சட்டத்தின் வழியே வீட்டு வரியோடு மக்கள் கட்டும் நூலக வரி நம் எழுத்துக்கும் உரியதுதான். ஆணை எப்போது வரும் என்பது நம் கையில் இல்லாததால் அதை நம்பிக் கடன் மட்டும் வாங்காதீர்கள்.

முதல் அச்சு தீர்ந்துவிட்டால், பென்சிலில் குறித்து வைத்த திருத்தங்களைச் செய்து அதே ஐஎஸ்பிஎன் எண்ணில் இரண்டாம் அச்சு போடலாம். அத்தியாயம் சேர்த்தோ வெட்டியோ மாற்றினால்தான் அது இரண்டாம் பதிப்பு. அதற்குப் புது ஐஎஸ்பிஎன் வேண்டும்.

என் மூன்றாவது புத்தகம் இப்போது மெய்ப்பில் இருக்கிறது. நோட்டில் இன்றுவரை 86 பெயர்கள் சேர்ந்திருக்கின்றன. நாவலைப் படித்துவிட்டு, 143ஆம் பக்கத்தில் பேருந்து எண் தவறு என்று தேனியிலிருந்து அஞ்சலட்டை போட்டவர் முதல் பெயர். அச்சகத்தில் 120 பிரதி என்று சொல்லியிருக்கிறேன்.